இரண்டாவது டிஸ்க்கைத் தொடாதே!

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

எடுக்க வேண்டியவர் எடுக்கவில்லை...

காரணம், அவர் செத்துப் போயிருந்தார்!

நோயாளிகள் படுக்கும் அந்தச் சாய்வு நாற்காலியில் அவரே மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. தலைக்கு மேல் வளைந்து நின்ற பெரிய விளக்கு, கடைவாய்ப் பல் வரைக்கும் வெளிச்சம் போட்டுக் காட்டியது.

பல் டாக்டர்.

ஊரில் பாதிப் பேரை 'ஆ காட்டுங்க' என்று சொன்ன மனிதர், இன்று தானே ஆ காட்டிக்கொண்டு கிடந்தார். பல்லில் ஒரு சொத்தையும் இல்லை. கோளாறு கழுத்தில். சுற்றிலும் சிவப்பாக ஒரு கோடு!

"யோவ்! அந்தப் போனை முதல்ல நிறுத்துய்யா! மண்டைக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு!"

கத்தியது இன்ஸ்பெக்டர். ஆள் உயரம் குறைவு. ஆனால் வாயைத் திறந்தால் கட்டடம் அதிரும். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்களே... அந்தக் கணக்கில் டிபார்ட்மென்ட் முழுக்க அந்த அம்மாவுக்குப் பெயர் 'கடுகு'.

கான்ஸ்டபிள் போனை அணைத்தார். அணைத்துவிட்டு நீளமாக மூச்சு விட்டார். எதைச் செய்தாலும் செய்து முடித்து ஒரு மூச்சு விடுவார். அதனால் அவர் 'பெருமூச்சு'.

"எதால இறுக்கியிருக்கான்?"

"இதாலதான் மேடம்." பெருமூச்சு ஒரு பிளாஸ்டிக் உறையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கறுப்பாக ஒரு ஒயர். ஒரு முனையில் சின்னப் பெட்டி. "லேப்டாப் சார்ஜர்!"

"ரேகை?"

"ஒரே ஆளோட ரேகைதான் மேடம்... இருக்கு." பெருமூச்சு தரையைப் பார்த்தார்.

"சொல்லித் தொலைய்யா!"

"உங்க தங்கச்சியோடது."

கடுகு வெடிக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. இந்தக் கிளினிக்கில் வரவேற்பு, டோக்கன், டாக்டருக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவள்தான். கடுகின் கூடப் பிறந்த ஒரே தங்கை.

"அக்கா! நான் சாப்பிட்டுட்டு வந்து பார்த்தேன். கழுத்துல ஒயர் இருந்துச்சு. உயிர் இருக்குமோன்னு நான்தான் பிரிச்சு எடுத்தேன். அதுல என் கை பட்டிருக்கும். வேற ஒண்ணும் தெரியாதுக்கா!"

"வாயை மூடு! யார் உன்னை ஒயரைத் தொடச் சொன்னது? சினிமா பார்க்கிறதே இல்லையாடி நீ? பிணத்துக்கிட்ட எதையும் தொடக் கூடாதுன்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்!"

"அவர் பிணம்னு எனக்குத் தெரியாதுக்கா..."

கடுகு பல்லைக் கடித்தாள்.

அவளுடைய செல்போன் அதிர்ந்தது. பெரிய ஆபீசர்!

"என்னம்மா, காலையில அந்தப் பொண்ணும் டாக்டரும் லீவு விஷயமா சண்டை போட்டாங்களாமே? கீழே மருந்துக் கடையில சொல்றாங்க."

"சார், லீவு கிடைக்கலேன்னு யாராவது கொலை பண்ணுவாங்களா? அப்படிப் பார்த்தா நம்ம டிபார்ட்மென்ட்ல உங்களையும் சேர்த்து ஒரு அதிகாரியும் மிஞ்ச மாட்டாங்க!"

எதிர்முனை உறுமியது.

"நக்கலா? உன் தங்கச்சி கேஸை நீயே விசாரிச்சா ஊர் சிரிக்கும். வேற இன்ஸ்பெக்டரை அனுப்பியிருக்கேன். அவர் வந்ததும் அந்தப் பொண்ணை ஒப்படைச்சிட்டு நீ கிளம்பு."

"யாரை சார் அனுப்பியிருக்கீங்க?"

பெரிய ஆபீசர் சொன்னார்.

கடுகின் முகம் சுருங்கியது. 'கஞ்சிச்சட்டை'! விறைப்பாகக் கஞ்சி போட்ட யூனிபார்ம். மூளையும் அதே விறைப்பு. ரேகை யாருடையதோ அவர்தான் குற்றவாளி. அதற்கு மேல் அந்த ஆள் ஒரு அடி யோசித்ததாகச் சரித்திரம் இல்லை. அவன் கையில் தங்கை சிக்கினால்... இன்றைக்கே கைது, நாளைக்கே பேப்பரில் படம். பால்வாடிக்குப் போகும் அவளுடைய குழந்தை இன்னும் சரியாகப் பேசக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை!

அவன் வந்து சேர்வதற்குள் கொலைகாரன் வேண்டும்.

கடுகு கூரையைப் பார்த்தாள். மூலையில் ஒரு சின்னக் கேமரா!

"இங்கே வாடி! இந்தக் கேமரா எங்கே பதிவாகுது?"

தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே வந்தாள். மேஜை மேல் இருந்த பழைய, தடித்த லேப்டாப்பைக் காட்டினாள்.

"இதுல. தனியா ஒரு பெட்டி வாங்கணும்னு சொன்னாங்க. டாக்டர் செலவு பண்ண மாட்டேனுட்டார். அதனால சிடி போடற இடத்தைக் கழட்டிட்டு அங்கே இன்னொரு ஹார்ட் டிஸ்க் மாட்டினாங்க. கேமரா, பேஷன்டுங்க எக்ஸ்-ரே, அட்ரஸ் எல்லாம் அந்த ரெண்டாவது டிஸ்க்லதான் இருக்கு. ஆனாக்கா, அது..."

"கொலைகாரன் முகம் உள்ளேயே இருக்குன்னு சொல்லு!" கடுகு பாய்ந்து போய் லேப்டாப்பின் முன்னால் நின்றாள்.

நின்றவள் அப்படியே விறைத்தாள்.

திரையில் நீல நிறம். நடுவில் ஒரு வட்டம். சுற்றியது... சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது.

'அப்டேட் நடைபெறுகிறது. முப்பது சதவீதம் முடிந்தது. கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்.'

"அடச் சனியனே!"

பெருமூச்சு எட்டிப் பார்த்தார். மூச்சு விட்டார்.

"பேட்டரி வேற குறையும் மேடம். சார்ஜர் போட்டா நல்லது."

"போடுய்யா!"

"சார்ஜர் உறைக்குள்ள இருக்கு மேடம். சீல் வச்சாச்சு. அதான் கொலை ஆயுதம்!"

கடுகு தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். கண்ணுக்கு முன்னால் சார்ஜர் இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் லேப்டாப் இருக்கிறது. இரண்டையும் சேர்க்க முடியாது! இந்த வேலைக்கு வந்ததற்குப் பதில் எங்கேயாவது மாவு மெஷின் வைத்திருக்கலாம்.

"இது முடியற வரைக்கும் நான் காத்திருக்க முடியாது. பிடிய்யா லேப்டாப்பை! அந்த டிஸ்க்கை இப்பவே புடுங்கறேன்!"

"வேணாம் மேடம்! என் மச்சான் இப்படித்தான் ஓடிட்டு இருந்த டிஸ்க்கைப் புடுங்கினான். கல்யாண போட்டோ எல்லாம் போச்சு. என் தங்கச்சி இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டறா!"

"பின்னே என்னதான்யா பண்றது?"

பெருமூச்சு லேப்டாப்பின் மூடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். ஒரு போன் நம்பர்.

"மாட்டினவனையே கூப்பிடுவோம்."

கூப்பிட்டார்கள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து டாக்டரைக் கொண்டு போன கொஞ்ச நேரத்தில் அவன் வந்து சேர்ந்தான். தோளில் பை. மடிப்புக் கலையாத சட்டை. சட்டைப் பையில் அளவு வாரியாக அடுக்கிய ஸ்க்ரூ டிரைவர்கள். சுருக்கமாக, சர்வீஸ்காரன்.

"ஐயோ... டாக்டருக்கா இப்படி! நல்ல மனுஷன் மேடம்." உச்சுக் கொட்டினான்.

"அழறதை அப்புறம் வச்சுக்கலாம் தம்பி. அந்த ரெண்டாவது டிஸ்க் எனக்கு வேணும். உசுரோட வேணும்."

சர்வீஸ்காரன் திரையைப் பார்த்தான். முப்பத்தொன்று சதவீதம்.

"இப்பக் கழட்டக் கூடாது மேடம்."

"அதை இவரே சொல்லிட்டார். ஏன் கூடாதுன்னு நீ சொல்லு."

"உள்ளே தட்டு ஒண்ணு சுத்திட்டே இருக்கும். அதுக்கு மேல தலைமுடியைவிடச் சின்ன இடைவெளியில முள் ஓடும். சுத்தறப்போ புடுங்கினா முள் தட்டுல உரசிடும். அப்புறம் அதை எடுத்துப் பேப்பர் பறக்காம மேல வைக்கலாம். அவ்வளவுதான்!"

"சரி. எப்படிக் கழட்டணும்?"

அவன் முகம் மலர்ந்தது. பாடம் எடுக்கப் பிடித்தவன் போலிருக்கிறது!

"முதல்ல முறையா ஷட் டவுன் பண்ணணும். மூடியை மூடிட்டா ஆஃப் ஆயிடுச்சுன்னு நிறையப் பேர் நினைப்பாங்க. அது தூங்கும், அவ்வளவுதான். ஷட் டவுன் ஆனதும் சார்ஜரை எடுத்துடணும். அடுத்தது பேட்டரி. அப்புறம் பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சா, மிச்சம் மீதி கரண்டும் போயிடும். நம்ம உடம்புலயும் கரண்டு இருக்கும் மேடம். ஏதாவது இரும்பைத் தொட்டுட்டுத்தான் உள்ளே கை வைக்கணும். ஸ்க்ரூவைக் கழட்டி, டிஸ்க்கைப் படுக்கை வாட்டத்துல மெதுவா நகர்த்தி எடுக்கணும். பல்லு பிடுங்கற மாதிரி மேல தூக்கினா பின்னு உடைஞ்சிடும்."

"இதுல ஒண்ணை விட்டாலும்?"

"நான் விட்டதே இல்ல மேடம். தொழில்!"

பையிலிருந்து வேறொரு சார்ஜரை எடுத்து மாட்டினான். வட்டம் சுற்றியது.

"ஒண்ணு பண்ணலாம் மேடம். நான் இதைக் கடைக்கு எடுத்துட்டுப் போறேன். முடிஞ்சதும் பத்திரமாக் கழட்டிக் கொண்டாந்து கொடுத்துடறேன்."

"இங்கேயே இரு."

"தூசி மேடம். இவ்வளவு பேர் இருந்தா..."

"இங்கேயே இருன்னு சொன்னேன்!"

இருந்தான்.

எல்லோரும் இருந்தார்கள். ஒரு கொலை நடந்த அறையில், ஒரு இன்ஸ்பெக்டர், ஒரு கான்ஸ்டபிள், ஒரு சர்வீஸ்காரன், ஒரு சந்தேகக் குற்றவாளி... நான்கு பேரும் ஒரு வட்டத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வட்டத்துக்கு யாரைப் பற்றியும் கவலை இல்லை.

நாற்பது.

"நகருதா இல்லையாய்யா?"

"நகருது மேடம். ஆமை வேகத்துல."

"ஆமையைக் கேவலப்படுத்தாதே!"

நாற்பதிலேயே நின்றது. கடுகு எழுந்தாள். நடந்தாள். டாக்டர் வாய் கொப்பளிக்கச் சொல்லும் குழாயைத் திறந்தாள். மூடினாள். ஜன்னலுக்குப் போனாள். கஞ்சிச்சட்டையின் ஜீப் வருகிறதா? வரவில்லை. திரும்பி வந்தாள்.

நாற்பதேதான்!

"இது தானா வந்துச்சா தம்பி, இந்த அப்டேட்டு?"

"ஆமா மேடம். தானா வரும். நேரம் காலமே பார்க்காது."

"கொலை நடக்கற நாளாப் பார்த்தா வரணும்!"

"எல்லாம் நம்ம நேரம் மேடம்." அவன் சிரித்தான்.

பக்கத்தில் தங்கையின் விசும்பல் கேட்டது. "அக்கா, பாப்பாவை யார் கூட்டிட்டு வருவாங்க? டீச்சர் காத்துட்டு இருப்பாங்கக்கா..."

"உன் மாமா போவார். அழாதே. அழுதா எனக்குக் கோபம் வரும்."

"உனக்கு எப்பத்தான் வரல?"

பெருமூச்சு வாய்க்குள் சிரிப்பை அடக்கினார். கடுகு அவரை முறைத்தாள். முறைத்த கண்களில் ஈரம். சட்டென்று துடைத்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் விலங்கு மாட்டிய கை, சொந்தத் தங்கையின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக முடியாமல் ஒரு நீல வட்டத்துக்குமுன் கட்டுண்டு கிடந்தது. எட்டி ஒரு உதை விடலாமா என்று வந்தது!

திடீரென்று எண் பாய்ந்தது. எழுபது... தொண்ணூறு... நூறு!

"வந்துடுச்சு!" பெருமூச்சு கை தட்டினார்.

திரை இருண்டது. உள்ளே சுழன்ற விசிறி மெல்ல அடங்கியது. மூலையில் மினுக்கிக்கொண்டிருந்த சின்ன விளக்கும் அணைந்தது.

"அப்பாடா... ஆஃப் ஆயிடுச்சு மேடம். இப்பக் கழட்டலாம்." சர்வீஸ்காரன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

"கொஞ்சம் இரு."

கடுகு கறுத்த திரையையே பார்த்தாள். மறுபடி ஏதாவது வருமா என்று காத்தாள். ஒன்றும் வரவில்லை.

"திரும்ப எழுந்திருக்காதா?"

"எதுக்கு மேடம் எழுந்திருக்கணும்? முடிஞ்சுது."

கடுகின் நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. சர்வீஸ்காரனைப் பார்த்தாள். கறுத்த திரையைப் பார்த்தாள். பிறகு தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கத்து எக்ஸ்-ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

உள்ளே என்ன பேசினார்கள்? கதவு தடிமன். நமக்கும் கேட்கவில்லை. பொறுங்கள்!

வெளியே வந்தபோது கடுகின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தங்கை மட்டும் அழுகையை நிறுத்தியிருந்தாள்.

"கழட்டு தம்பி."

சர்வீஸ்காரன் சார்ஜரை எடுத்தான். லேப்டாப்பைக் குப்புறப் போட்டான். பேட்டரியைக் கழற்றினான். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தான். குழாயின் இரும்பைத் தொட்டான். சின்ன ஸ்க்ரூ ஒன்றைச் சுழற்றி எடுத்துப் பஞ்சுக் கிண்ணத்தில் பத்திரமாகப் போட்டான். விரல் நுனியால் தள்ளினான். வெண்ணெயில் கத்தி போவதுபோல ஒரு தட்டு வெளியே வந்தது. அதில் அந்த டிஸ்க்!

"அழகாப் பண்றப்பா!" என்றாள் கடுகு. "சத்தியமாச் சொல்றேன். கை ஆடவே இல்ல."

"தேங்க்ஸ் மேடம்."

"இதுக்குள்ளதான் இருக்கான் கொலைகாரன். இன்னும் கொஞ்ச நேரத்துல பெரிய திரையில அவன் மூஞ்சியைப் போட்டுப் பார்க்கப் போறோம். கொடு இப்படி."

அதே நேரம் மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். விறைப்பான சட்டையின் மொடமொடப்பு!

"எங்கே குற்றவாளி?" கஞ்சிச்சட்டை வாசலில் நின்றான். மார்பு முன்னால் வந்தது. ஆள் பின்னால் வந்தான். "ரேகை கிடைச்சாச்சுன்னு சொன்னாங்க. அப்புறம் என்ன தாமதம்?"

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

'டப்!'

திரும்பினார்கள்.

டிஸ்க் தரையில் கிடந்தது.

"ஐயோ! வழுக்கிடுச்சு மேடம்!" சர்வீஸ்காரன் பதறிக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தான். வைத்த அடி டிஸ்க்கின்மேல்! குதிகால் முழு எடையோடு இறங்கியது. உள்ளே கண்ணாடி நொறுங்கும் சத்தம்...

"ஐயோ, ஐயோ! என்ன பண்ணிட்டேன் நான்!"

பெருமூச்சு மூச்சு விட மறந்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை!

"நல்ல கூத்து!" என்றான் கஞ்சிச்சட்டை. "அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. நான் கிளம்பணும்."

எல்லோரும் கடுகைப் பார்த்தார்கள். இப்போது வெடிக்கும். கூரை பெயரும்!

கடுகு வெடிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இவ்வளவு நேரம் எனக்குப் பாடம் எடுத்தியே தம்பி... பத்திரம், பத்திரம்னு! கீழே விழுந்த டிஸ்க்கை மிதிக்கணும்னு எந்தப் பாடத்துல வருது?"

"தெரியாம நடந்துடுச்சு மேடம். உங்க சார் திடீர்னு வந்ததும் பதறிட்டேன்."

"சரி, போகட்டும். எனக்கு ஒரு சந்தேகம். எங்க ஸ்டேஷன்லயும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. அதுக்குத் தானா அப்டேட் வரும். முடிஞ்சதும் அதுவே திரும்ப எழுந்து, 'வணக்கம்'னு உட்கார்ந்துக்கும். இது எழுந்திருக்கவே இல்லையே. ஏன்?"

சர்வீஸ்காரன் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகினான்.

"நான் சொல்றேன். இது தானா வந்த அப்டேட் இல்ல. யாரோ ஷட் டவுன் அழுத்தியிருக்காங்க. அழுத்தினதும் அந்த எழவு அப்டேட்டும் சேர்ந்து ஆரம்பிச்சிருக்கு. இந்த லேப்டாப்பை ஷட் டவுன் பண்ணவே கூடாதுன்னு டாக்டர் உத்தரவாம். என் தங்கச்சி இப்பத்தான் உள்ளே சொன்னா. பண்ணினா கேமரா நின்னுடும். அப்போ அழுத்தினது யார்?"

"அந்தப் பொண்ணா இருக்கும்," என்றான் கஞ்சிச்சட்டை.

"இவளா? இவளுக்குப் பென் டிரைவை எடுக்கணும்னாக்கூடச் சடார்னு பிடுங்கித்தான் பழக்கம். கேமராவை நிறுத்தணும்னா ஒயரை உருவி எறிஞ்சிருப்பா. திருட வந்தவன்னா லேப்டாப்பையே தூக்கிட்டு ஓடியிருப்பான். இவன் ரெண்டும் செய்யல. டாக்டரைக் கொன்னுட்டு, ஒயர்ல ரேகையைத் துடைச்சிட்டு, நீ எடுத்த பாடத்துல இருக்கிற மாதிரியே நிதானமா ஷட் டவுன் அழுத்திட்டு நின்னிருக்கான். டிஸ்க்கு உள்ளே இருந்து போனா யாருக்கும் தெரியாது. அதுவும் உசுரோட வேணும். பேஷன்டுங்க விவரம் எல்லாம் அதுல இருக்கே! விக்கலாமே! இங்கே பல்லு கட்டிட்டுப் போனவங்களுக்கெல்லாம், 'பல் செட்டு வேணுமா'ன்னு எவன் எவனோ போன் பண்றானாம். டாக்டர் போன வாரம்தான் அதைக் கண்டுபிடிச்சு, 'எவன் வித்தான்னு எனக்குத் தெரியும், போலீஸுக்குப் போறேன்'னு கத்தியிருக்கார்."

"மேடம், சும்மா வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க!" சர்வீஸ்காரனின் குரல் உயர்ந்தது. "ஆதாரம் இருக்கா? யார் அழுத்தினாங்கன்னு நிரூபிக்க முடியுமா? இருந்தது ஒரே டிஸ்க். அதுவும் போச்சு!"

"அவர் சொல்றது சரிதானே?" என்றான் கஞ்சிச்சட்டை. "கொலையைப் பதிவு பண்ணின டிஸ்க்கே போயிடுச்சு. மிச்சம் இருக்கிறது உங்க தங்கச்சி ரேகைதான்."

"போனா போகட்டும் சார். அதுல கொலையே பதிவாகல."



"என்னது?" இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஒருவன் கஞ்சிச்சட்டை. இன்னொருவன் சர்வீஸ்காரன்.

"அப்பவே சொல்ல வந்தியே, இப்ப நீயே சொல்லுடி," என்றாள் கடுகு.

தங்கை முன்னால் வந்தாள். இத்தனை நேரம் அழுத கண்களில் இப்போது ஆத்திரம்.

"டிஸ்க் நிறைஞ்சு போய் ஒரு மாசம் ஆச்சு! கேமரா பதிவே ஆகல. திரையில மூலையில சிவப்பா எழுத்து வந்துட்டே இருந்துச்சு. இந்த ஆளுக்கு எத்தனை தடவை போன் பண்ணினேன் தெரியுமா? 'நாளைக்கு வரேன் மேடம்.' 'நாளைக்குக் கண்டிப்பா மேடம்.' 'வண்டியில வந்துட்டே இருக்கேன் மேடம்.' என்ன கோளாறுன்னுகூடக் கேட்கல! சொல்றதுக்குள்ள வச்சிடுவார்!"

சர்வீஸ்காரனின் வாய் திறந்தது. டாக்டரைவிட அகலமாக.

"ஒரு... மாசமா?"

"ஒரு மாசமா!"

"பதிவே ஆகலயா?"

"ஒரு கொசுகூடப் பதிவாகல!"

அவன் நொறுங்கிக் கிடந்த டிஸ்க்கைப் பார்த்தான். குப்புறக் கிடந்த லேப்டாப்பைப் பார்த்தான். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு கைகளாலும் தலைமுடியைப் பிடித்துக்கொண்டான்.

"அடப்பாவிங்களா! அப்போ நான் பிணத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அந்தப் பாழாப்போன வட்டத்தையே பார்த்துட்டு நின்னது எல்லாம் வீணா? படியில இவ செருப்புச் சத்தம் கேட்டுப் பின்பக்கமா ஓடற வரைக்கும் நின்னேனேய்யா! அதுக்கு முன்னாடியே என் பாட்டுக்குப் போயிருக்கலாமே! முப்பதுல வந்து நின்னுக்கிட்டு நகரவே மாட்டேன்னுடுச்சே! உருவிட்டு ஓடுடான்னு மனசு சொல்லுது. சுத்தறப்போ கழட்டக் கூடாதுன்னு கை கேட்க மாட்டேங்குது!"

கத்தி முடித்தான்.

முடித்த பிறகுதான் என்ன கத்தினோம் என்று அவனுக்கே கேட்டது.

கஞ்சிச்சட்டை முதல் தடவையாக விறைப்புக் குறைந்து நின்றான். அவன் காதாலேயே கேட்டாயிற்று. அவனுக்குப் பின்னால் நின்ற இரண்டு போலீஸ்காரர்களும் கேட்டார்கள். பெருமூச்சு தன் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார். அதில் சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது.

"இது பதிவாகுது மேடம். என் போன்ல இடம் இருக்கு."

"மாட்டுய்யா விலங்கை!"

விலங்கு மாட்டப்பட்டது. சர்வீஸ்காரன் வாசல் பக்கம் நடந்தான். போகிற போக்கில் லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அதை மட்டும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடுகு தங்கையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "போ. பாப்பாவைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ. இனிமே எவன் கழுத்துல என்ன ஒயர் இருந்தாலும் தொடாதே!"

"சரிக்கா." தங்கை அவள் தோளில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள். கடுகும் அழுதாள். கோபம் வராமல் அழுதது அந்த ஒரு தடவைதான்.

கஞ்சிச்சட்டை தொண்டையைச் செருமினான். "சரி... ஒப்புக்கறேன். ஆனா அவன் மேல உங்களுக்கு எப்பச் சந்தேகம் வந்துச்சு?"

"திரை கறுத்துப் போனப்போ," என்றாள் கடுகு.

"எனக்கு அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு சார்," என்றார் பெருமூச்சு.

"எப்போ?"

பெருமூச்சு நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"கம்ப்யூட்டர் ரிப்பேருன்னு கூப்பிட்டதும், அன்னிக்கே வந்து நின்னான் பாருங்க... அப்பவே!"